அப்பா கையால் காட்டிய ஆட்டம்

விசைத்தறிக் கூடத்துக்குள் பேச முடியாது. பதினாறு தறி ஒன்றாக ஓடும்போது பக்கத்தில் நிற்பவரின் காதில் வாய்வைத்துக் கத்தினாலும் பாதிதான் கேட்கும். அதனால் தறிக்காரர்களுக்கென்று ஒரு கைப்பேச்சு உண்டு. பாவு தீரப் போகிறது, டீ வந்துவிட்டது, முதலாளி வண்டி வாசலில் நிற்கிறது, எல்லாமே விரலும் புருவமும் உதடும்தான். குமாரபாளையத்தில் என் அப்பா முப்பத்தெட்டு வருடம் அந்த மொழியில் பேசினார். இன்று நான் மைதானத்தில் கோலூன்றித் தாண்டும் பிள்ளைகளிடம் பேசுவதும் ஏறக்குறைய அதே மொழிதான்.

அப்பாவுக்குக் கபடி என்றால் உயிர். சனிக்கிழமை கூலி வாங்கியதும் பவானி, பள்ளிபாளையம், சங்ககிரி, எடப்பாடி என்று எந்த ஊரில் ராத்திரி ஆட்டம் நடந்தாலும் சைக்கிள் கிளம்பிவிடும். முன்பாரில் துண்டை மடித்துப் போட்டு என்னை உட்கார வைத்துக்கொள்வார். டியூப்லைட் கட்டிய களம், மைக் செட்டில் ஊர் ஊராக அணிகளின் பெயர், சுற்றிலும் பனியில் தலையில் துண்டு கட்டி உட்கார்ந்திருக்கும் ஆட்கள். நான் நடுராத்திரிக்கு மேல் அப்பா மடியில் தூங்கிப் போவேன். கடைசி ஆட்டம் வந்ததும் தொடையில் தட்டி எழுப்புவார். "கண்ணு, எந்திரி. இத மட்டும் பாத்துட்டுத் தூங்கு."

திங்கட்கிழமை மத்தியானம் தூக்குப்போசியில் சோறு கொண்டுபோனால் அங்கே மறுபடி அதே ஆட்டம் நடந்துகொண்டிருக்கும். அப்பாவின் இடது உள்ளங்கைதான் களம். வலது கையின் இரண்டு விரல்கள் பாடிப் போகிறவன். விரல்கள் எட்டு வைக்கும், நிற்கும், பக்கவாட்டில் நகரும், ஏமாற்றும். திடீரென்று இடது கட்டைவிரல் மடங்கிக் கணுக்காலைக் கவ்வும். இரண்டு விரலும் துடித்துத் துடித்து நடுக்கோட்டை நோக்கி இழுத்துக்கொண்டு போகும். சுற்றி நிற்கும் தறிக்காரர்கள் சத்தமே இல்லாமல் தலையில் கைவைப்பார்கள். தறிச் சத்தம் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்.

ஒன்றை மட்டும் பிற்பாடு யோசித்து வியந்திருக்கிறேன். யார் எத்தனை பாயிண்டில் ஜெயித்தார்கள் என்று அவர் அநேகமாகக் காட்டவே மாட்டார். பிடி விழுவதற்கு ஒரு நொடி முன்னால் அந்தப் பையனின் பின்னங்கால் எந்தப் பக்கம் திரும்பியிருந்தது என்பதைக் காட்டுவார். ஒரு தடவை காட்டிவிட்டு, நிறுத்தி, மறுபடி மெதுவாகக் காட்டுவார். "இங்கதான்" என்று உதடு மட்டும் அசையும். பிடிபட்டது கோட்டுக்குப் பக்கத்தில். ஆனால் அவர் சுட்டிக்காட்டும் இடம் மூன்று எட்டு முன்னால் இருக்கும்.

அவர் ஒரு ஆட்டம்கூட ஆடியதில்லை. ஒன்பது வயதில் தறிக்கு நூல் தார் சுற்ற உட்கார்ந்தவர். ஆடுவதற்கு வாய்ப்பே இல்லாத ஒருவர் ஆட்டத்தை அவ்வளவு நேசித்தார் என்பதை நான் எப்போதும் பெருமையாகத்தான் சொல்லியிருக்கிறேன்.

உடற்கல்வி ஆசிரியராக இருபத்து நான்கு வருடமாகிறது. காலையிலும் மாலையிலும் பிள்ளைகளுக்குக் கோலூன்றித் தாண்டுதல் சொல்லிக் கொடுக்கிறேன். புதிதாகச் சேர்க்க வரும் பெற்றோர்களில் பலர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "நீங்க எந்த லெவல் வரைக்கும் போனீங்க சார்?" என் உச்ச உயரம் 4.10 மீட்டர். 1998-ல் ஒரு மாநிலப் போட்டியில் நான்காம் இடம். அதற்குமேல் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. ஆனால் பயிற்சியாளனாக எனக்கு என்ன தெரியுமோ அதில் பெரும்பகுதி அந்த 4.10-லிருந்து வரவில்லை. சைக்கிள் பாரிலிருந்தும் அந்த உள்ளங்கையிலிருந்தும் வந்தது. இதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

கபடிக்காரர் மகன் கம்பைத் தூக்கியதற்குக் காரணம் வாய்க்கால். ஆகஸ்டில் மேட்டூர் கிழக்குக் கரை வாய்க்காலில் தண்ணீர் திறந்துவிட்டால் எங்கள் பக்கத்துக் கிளை வாய்க்கால்களும் நிரம்பிவிடும். பாலம் அரைக் கிலோமீட்டர் தள்ளி. பையன்கள் மூங்கிலை ஊன்றித் தாண்டிவிடுவோம். அதற்கு எல்லா மூங்கிலும் ஆகாது. பொந்து மூங்கில் கணுவுக்கு நடுவே பிளந்துகொள்ளும். உள்ளே கெட்டியாக இருக்கும் கல்மூங்கில்தான் நம்பகமானது. அடிப்பக்கம் கனமாக, தலைப்பக்கம் ஒல்லியாக. கம்பு சேற்றில் புதைந்தால் போச்சு, நடு வாய்க்காலில் அப்படியே நின்றுவிடும், நாம் மெதுவாகச் சாய்ந்து தண்ணீருக்குள் இறங்குவோம். யாராவது அப்படி விழுந்தால் மற்றவர்கள் சிரிப்பார்கள். எனக்கோ எந்த இடத்தில் தப்பு நடந்தது என்று பார்த்துவிட வேண்டும். அநேகமாக ஓட்டத்தின் கடைசியில் ஒரு தயக்கம் இருக்கும். கரை நெருங்கும்போது எட்டு சின்னதாகியிருக்கும்.

1988-ல் எனக்குப் பதினோரு வயது. சியோல் ஒலிம்பிக் நடந்துகொண்டிருந்தது. டீக்கடையில் பழைய தினசரியைக் கேட்டு வாங்கி அப்பா மடித்துக்கொண்டு வந்தார். அதில் ஒரு ஆள் தலைகீழாக வானத்தில் நின்றான், கால் மேலே, கையில் வளைந்த கம்பு. செர்கெய் பூப்கா. கடைசி வாய்ப்பில் 5.90 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கியவர். அந்த ஒரு தங்கம்தான் அவருக்கு ஒலிம்பிக்கில் கிடைத்தது. உலக சாதனையை மட்டும் முப்பத்தைந்து தடவை உடைத்தார். இதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. அன்றைக்கு அப்பா சொன்னது ஒன்றே ஒன்று: "நீ வாய்க்கால்ல தாண்டறது இதுதான் கண்ணு. என்ன, இவன் அகலத்துக்குப் பதிலா உசரத்துக்குத் தாண்டறான்." அந்தப் படம் எங்கள் வீட்டுச் சுவரில் நெல்லுச்சோற்றுப் பருக்கையால் ஒட்டப்பட்டு ஆறேழு வருடம் இருந்தது.

பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டர் ஒருவர் இருந்தார், போன வருடம்தான் காலமானார். விழுவதற்கு மெத்தை கிடையாது. மில்களில் கழிவுப் பஞ்சு வாங்கிச் சாக்குகளில் அடைத்து, முப்பது சாக்கை வலைக்குள் போட்டுக் கட்டி வைத்திருந்தார். மழை பெய்தால் கல்லாகிவிடும். இரண்டு நாள் வெயிலில் பிரித்துக் காயவைத்து மறுபடி அடைப்போம். மூங்கில் கம்புக்கு அது போதும். உலகமே ஒரு காலத்தில் மூங்கிலில்தான் தாண்டியது. கார்னிலியஸ் வார்மர்டாம் என்ற அமெரிக்கர் 1940-ல் மூங்கில் கம்பால் பதினைந்து அடியைத் தாண்டினார், அதாவது 4.57 மீட்டர். கண்ணாடியிழைக் கம்பை வைத்துக்கொண்டு என்னால் அந்த உயரத்தைத் தொட முடியவில்லை. எங்கள் மாஸ்டர் இந்தக் கதையைச் சொல்லாமல் ஒரு பயிற்சியையும் தொடங்கியதில்லை.

பிளஸ் டூ முடித்துச் சென்னைக்குப் போனேன். நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி. 1920-ல் ஹாரி குரோ பக் தொடங்கிய இடம், ஆசியாவின் முதல் உடற்கல்விக் கல்லூரி. அங்கேதான் கண்ணாடியிழைக் கம்பைக் கையில் வாங்கினேன். முதல் முறை அது வளைந்தபோது உடைந்துவிட்டது என்றே நினைத்துக் கையை விட்டுவிட்டேன். மூங்கில் நம்மைச் சுமந்துகொண்டுதான் போகும். இது நம் ஓட்டத்தை வாங்கி வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிக் கொடுக்கும். அந்தக் கொஞ்ச நேரம் பொறுமையாகத் தொங்கிக்கொண்டிருக்க வேண்டும். பயந்தவனால் பொறுத்திருக்க முடியாது.

என்னிடம் பயம் போனது. வேகம்தான் வரவில்லை. இந்த விளையாட்டில் உயரம் ஓட்டத்திலிருந்துதான் வருகிறது. நொடிக்கு 7 மீட்டர் வேகத்தில் ஓடிவரும் ஒரு பெண்ணின் ஓட்டம் முழுவதையும் உயரமாக மாற்ற முடிந்தால் இரண்டரை மீட்டர் கிடைக்கும். நிற்கும்போதே இடுப்பு தரையிலிருந்து ஒரு மீட்டர் அளவில் இருக்கிறது, அதையும் சேர்த்துக்கொள்ளலாம். மிச்சத்தைக் கைதான் தள்ளித் தர வேண்டும். 2024 செப்டம்பரில் சூரிச்சில் கோலூன்றித் தாண்டுதல் உலக சாதனையாளர் அர்மண்ட் டுப்லாண்டிஸும் 400 மீட்டர் தடையோட்ட உலக சாதனையாளர் கார்ஸ்டன் வார்ஹோமும் ஒரு காட்சிப் போட்டியாக 100 மீட்டர் ஓடினார்கள். கம்புக்காரர் 10.37 நொடியில் ஓடி ஜெயித்தார். அதைப் பார்த்து உலகம் ஆச்சரியப்பட்டது. எங்கள் மைதானத்தில் யாருக்கும் ஆச்சரியமில்லை. அடுத்த வருடம் டோக்கியோவில் அவர் 6.30 தாண்டினார்.

சரி, என் கதைக்கு வருகிறேன். கல்லூரியின் கடைசி வருடத்தில் எனக்கு ஒன்று புரிந்தது. போட்டி நாளில் என் முறை வரும்போது இருக்கும் பரபரப்பைவிட, அடுத்தவன் ஓடிவருவதைப் பார்க்கும்போது என் மனசு அதிகமாகத் துடித்தது. எதிரணிப் பையனின் ஓட்டத்தில் எங்கே எட்டு நீள்கிறது என்று பார்த்து அவனிடமே போய்ச் சொல்லியிருக்கிறேன். ஒருவன் நான் சொன்னதைக் கேட்டு அடையாளத்தை அரை அடி பின்னால் வைத்து, என்னைத் தோற்கடித்தான். பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்கு வருத்தமே இல்லை. அன்றைய நாளின் நல்ல தாண்டல் அவனுடையது, அதில் என் கண்ணும் கொஞ்சம் இருந்தது.

பாட்டியாலா தேசிய விளையாட்டு நிறுவனத்தில் ஆறு வார சான்றிதழ்ப் படிப்புக்குப் போனபோது இதற்கெல்லாம் பெயர்கள் கிடைத்தன. பூப்காவின் பயிற்சியாளர் விட்டாலி பெத்ரோவ் பற்றி விரிவாகக் கேட்டது அங்கேதான். கம்பின் முனை, அதை ஊன்றும் குழிப் பெட்டியின் பின்சுவரில் முட்டுவதற்கு முன்பே தாண்டுபவர் தரையை விட்டிருக்க வேண்டும் என்பது அவர்கள் வழி. கண் இமைக்கும் நேரம்கூட இல்லை அது. ஆனால் முட்டிய பிறகு கிளம்பினால் அந்த அடி முழுவதும் முதுகிலும் தோளிலும் இறங்குகிறது, ஓட்டம் செத்துப்போகிறது. முன்பே கிளம்பிவிட்டால் கம்பு நம்மோடு சேர்ந்து எழுகிறது.

இதை எப்படிப் பார்ப்பது? நாங்கள் பெட்டி அல்லது பாக்ஸ் என்று சொல்வது தரையோடு பதித்த ஒரு சரிவுப் பள்ளம். ஒரு மீட்டர் நீளம், முன்னால் 60 சென்டிமீட்டர் அகலம், போகப்போகக் குறுகி முட்டும் இடத்தில் 15 சென்டிமீட்டர். வலது கை மேலே பிடிப்பவருக்கு இடது கால் கிளம்பும் கால். தரையை விடும் நொடியில் அந்தக் காலின் நுனி மேல்கைக்கு நேர் கீழே இருக்க வேண்டும். கால் அதைத் தாண்டிப் பெட்டிக்குப் பக்கமாகப் போய்விட்டால் அதற்குப் பெயர் அண்டர். கம்பு ஆளைப் பின்னுக்கு வெடுக்கென்று இழுக்கும். பார்த்தாலே தெரியும், இடுப்பு ஒடிந்ததுபோல் இருக்கும்.

புதிய பயிற்சியாளர்கள் அங்கேயே நின்று, "கால் உள்ளே போகுது, வெளியே வை" என்று கத்துவார்கள். ஓடிவரும் பிள்ளைக்கு அந்த இடத்தில் ஒன்றும் செய்ய முடியாது. கால் உள்ளே போனதற்குக் காரணம் கடைசி இரண்டு எட்டு நீண்டது. அவை நீண்டதற்குக் காரணம் பெட்டி எட்டாதோ என்று நடு ஓட்டத்தில் வந்த சந்தேகம். அந்தச் சந்தேகத்துக்குக் காரணம் முதல் இரண்டு எட்டை நேற்றுபோல் இன்று வைக்காதது. ஆகவே பிழையைத் திருத்த வேண்டிய இடம் முப்பது மீட்டர் தள்ளி, ஓட்டம் தொடங்குகிற இடத்தில் இருக்கிறது. பாட்டியாலாவில் இதைக் கரும்பலகையில் அம்புக்குறி போட்டு விளக்கிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அங்கே அப்பாவின் கட்டைவிரலும், "இங்கதான்" என்று அசைந்த உதடும் தெரிந்தன. நோட்டில் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் பயிற்சி இடத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல வேண்டாம். மண் ஓடுபாதை, கடைசி பத்து மீட்டருக்கு மட்டும் பழைய ரப்பர் விரிப்பு, விழுவதற்கு நன்கொடையில் வந்த ஒரு மெத்தை பெட், அதன் ஓரங்களில் இன்றைக்கும் கழிவுப் பஞ்சுச் சாக்குகள். கம்புகள்தான் எப்போதும் தகராறு. ஒவ்வொரு கம்பிலும் அதன் நீளமும், எத்தனை கிலோ ஆளுக்கானது என்பதும் குறித்திருக்கும். பிள்ளை வளர வளர, வேகம் கூடக் கூட, அடுத்த கம்பு வேண்டும். இளகிய கம்பு அதிகமாக வளைந்து ஆளைத் தூக்கி எறியும். விறைப்பான கம்பு வளைய மறுத்து ஓடுபாதைக்கே திருப்பி அனுப்பும். நல்ல வரிசைக்குப் பத்துப் பன்னிரண்டு கம்பு இருக்க வேண்டும். பதினோரு பிள்ளைகளுக்கு என்னிடம் நான்கு இருந்தன. நடுவில் இருக்கும் இடைவெளியைக் கைப்பிடியின் உயரத்தால் சரிக்கட்டுவோம். இரண்டு விரக்கடை கீழே பிடித்தால் கம்பு கொஞ்சம் விறைக்கும், மேலே பிடித்தால் இளகும். வெளியூர்ப் போட்டிக்குப் போவதென்றால் சரக்கு வேனில் கம்புகளை விரிப்பில் சுற்றிக் கட்டி, பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் முனையில் சிவப்புத் துணி. பிள்ளைகளும் அதே வேனில்தான், கம்புகளை மடியில் தாங்கிக்கொண்டு.

பெண் பிள்ளைகள் அதிகம் வருவது எனக்குப் பெரிய சந்தோஷம். நான் கல்லூரியில் இருந்தபோது பெண்களுக்கு ஒலிம்பிக்கில் இந்தப் போட்டியே கிடையாது. 2000-ல் சிட்னியில்தான் முதன்முதலாக வைத்தார்கள். அப்புறம் நம் மாநிலத்துப் பெண்கள் காட்டிய பாய்ச்சல் இருக்கிறதே! வி.எஸ். சுரேகா 2014-ல் தாண்டிய 4.15 மீட்டர் எட்டு வருடம் தேசிய சாதனையாக நின்றது. 2022-ல் குஜராத் தேசிய விளையாட்டுப் போட்டியில் ரோசி மீனா 4.20 தாண்டி அதை முறியடித்தார். அதே போட்டியில் ஆண்கள் பிரிவில் சிவா சுப்ரமணி 5.31. 2023-ல் பவித்ரா வெங்கடேஷ் ஆசிய உள்ளரங்கப் போட்டியில் வெள்ளி வாங்கினார், சேலத்துப் பெண், எங்களுக்கு அடுத்த மாவட்டம். ரோசி மீனா தாண்டும் காட்சியைச் செல்போனில் எங்கள் பிள்ளைகள் எத்தனை தடவை பார்த்தார்கள் என்று கணக்கில்லை. நான் போனை வாங்கி ஓட்டத்தின் முதல் எட்டிலேயே நிறுத்தினேன். "சார், மேல போற எடத்தக் காட்டுங்க சார்" என்று சலித்துக்கொண்டார்கள்.

இப்போது எழுதப்போவதை எழுத எனக்குப் பத்து வருடத்துக்குமேல் ஆகியிருக்கிறது.

2013-ல் என்னிடம் ஒரு பெண் பயிற்சி எடுத்தாள். பதினோராம் வகுப்பு. அம்மா தறி ஓட்டுபவர், அப்பா இல்லை. 2.60 மீட்டர் சாதாரணமாகத் தாண்டுவாள். அடுத்த கட்டத்துக்குத் தேர்வாக 2.80 தேவைப்பட்டது. தாண்டிவிட்டால் விளையாட்டு விடுதியில் இடம் கேட்கலாம், கல்லூரிக்கு வழி பிறக்கும் என்று நான்தான் அவளிடமும் அம்மாவிடமும் சொல்லியிருந்தேன். முதல் வாய்ப்பிலும் இரண்டாவதிலும் மார்பு தட்டிக் குறுக்குப் பார் விழுந்தது. 50 கிலோ கம்பு அவளுக்குக் கொஞ்சம் இளகலாகத் தெரிந்தது. நான் 55-ஐ எடுத்துக் கொடுத்தேன்.

அந்த நேரம் காற்று எதிரே அடித்துக்கொண்டிருந்தது. எதிர்க்காற்றில் ஓட்டம் குறையும், கம்பு விறைப்பாகத் தெரியும், ஒரு படி கீழே இறங்க வேண்டுமே தவிர ஏறக் கூடாது. இது பயிற்சியாளனுக்கு அரிச்சுவடி. எனக்குத் தெரியும். ஆனால் என் கண் பாரில் இருந்தது. அந்த இருபது சென்டிமீட்டரும், அதற்குப் பின்னால் இருந்த விடுதியும் கல்லூரியும்தான் தெரிந்தன. அவள் ஓட்டத்தை நான் பார்க்கவே இல்லை. கம்பு பாதி வளைந்து, நேராக நிமிர்ந்து, அப்படியே நின்றது. அவள் மேலே ஒரு நொடி தொங்கினாள், பிறகு பின்பக்கமாகப் பெட்டியின் விளிம்பில் விழுந்தாள். இடது மணிக்கட்டில் இரண்டு எலும்பும் முறிந்தன.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் அம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "கை போச்சுன்னா தறிகூட ஓட்ட முடியாதுங்க சார்" என்றார். "அவ அப்பனுக்கப்புறம் எனக்கு இவ கைதானுங்க." அதற்கு நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை, சொல்ல ஒன்றுமில்லை. கம்பை மாற்றியது நான் என்று மட்டும் சொன்னேன். அதைச் சொல்லாமல் வீட்டுக்குப் போக முடியாது என்று தோன்றியது.

ராத்திரி வீட்டில் அப்பா விழித்திருந்தார். அதற்குள் அவருக்குக் காது முக்கால்வாசி போயிருந்தது, முப்பத்தெட்டு வருடத் தறிச் சத்தம் வாங்கிக்கொண்டது. நடந்ததைக் கையால்தான் சொன்னேன். ஓட்டம், கம்பு, விழுந்தது, மணிக்கட்டு. அவர் பார்த்துவிட்டு, தன் இடது உள்ளங்கையை விரித்து, வலது கையின் இரண்டு விரலை அதில் நிறுத்தி, புருவத்தை உயர்த்தினார். கால் எங்கே இருந்தது?

எனக்குத் தெரியவில்லை. அவர் விரல்கள் அந்த உள்ளங்கையிலேயே நின்றன, நான் வந்து நகர்த்துவேன் என்பதுபோல. நான் தலையை ஆட்டினேன். அவர் கையை மடக்கிக்கொண்டு விளக்கை அணைத்தார்.

அதற்குப் பிறகு நான் நிற்கும் இடம் மாறியது. இப்போதெல்லாம் பெட்டிக்குப் பக்கவாட்டில், பாருக்கு முதுகு காட்டி, ஓடுபாதையைப் பார்த்து நிற்கிறேன். தாண்டினார்களா இல்லையா என்பதை எனக்குப் பின்னால் விழும் சத்தம் சொல்லிவிடும். பார் விழுந்தால் ஒரு சத்தம், பெட்டில் ஆள் மட்டும் விழுந்தால் வேறு சத்தம். புதிதாக வருபவர்களுக்கு முதல் மூன்று மாதம் பார் கிடையாது, ரப்பர் கயிறுகூடக் கிடையாது. நடந்துவந்து ஊன்றுவது, மணல் குழியில் தாண்டுவது, கம்பைத் தூக்கிக்கொண்டு ஓடுவது. மற்ற ஊர்ப் பயிற்சியாளர்கள், "பிள்ளைகளுக்கு அலுத்துப்போகும், ஓடிப்போயிடுவாங்க" என்றார்கள். சிலர் போனார்கள்தான். அதற்காக நான் அதை மாற்றவில்லை, மாற்றப் போவதும் இல்லை. காற்று பார்க்க ஓடுபாதை நெடுக நூல் துண்டுகள் கட்டிய குச்சிகள் நட்டிருக்கிறேன். நூலுக்கு எங்கள் ஊரில் பஞ்சமா என்ன.

அந்தப் பெண் ஐந்து மாதம் கழித்து மைதானத்துக்கு வந்தாள். அவள் அம்மாவும் கூடவே வந்தார். தினமும் வந்தார், வேலை முடிந்து நேராக, தலையில் ஒட்டிய பஞ்சோடு. ஓரமாக உட்கார்ந்து மகளின் ஒவ்வொரு ஓட்டத்தையும் பார்த்தார். முதல் நாட்களில் அவர் பார்வை என்மேல் இருக்கிறது என்று முதுகில் உணர்வேன். அது சரிதான், இருக்க வேண்டியதுதான். அடுத்த வருடம் அவள் 2.80 தாண்டினாள், 50 கிலோ கம்பிலேயே. கல்லூரியில் 3.10 வரை போனாள்.

அப்பா வேலையை விட்ட பிறகு அவரும் மைதானத்துக்கு வர ஆரம்பித்தார். வேப்பமரத்தடியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. முதல் வாரம் கேட்டார்: "இவ்ளோ வளையுதே, ஒடிஞ்சு போவாதா?" அப்புறம் கேள்வி எதுவும் கேட்கவில்லை. காதில் விழாத மனிதர், அதனால் பிள்ளைகள் பேசிச் சமாளிக்கும் எதுவும் அவரிடம் எடுபடாது. "கம்பு வழுக்கிடுச்சு", "காத்து அடிச்சிடுச்சு" என்பார்கள். அவர் கண் முழுக்கக் காலில் இருக்கும். பிள்ளைகள் என்னிடம் வருவதற்கு முன்னால் அவர் பக்கம் திரும்பிப் பார்க்கும் பழக்கம் எப்படியோ வந்துவிட்டது. உள்ளங்கை விரிந்திருக்கும், இரண்டு விரல் ஓடும். நாற்பது மீட்டர் தள்ளி நிற்கும் பிள்ளைக்கு நான் காட்டும் சைகைகளும் அவையே. கைமேல் கைவைத்தால் பிடியைக் கீழே இறக்கு. விரலால் நெற்றியைத் தொட்டால் பெட்டியைக் குனிந்து பார்க்காதே. உள்ளங்கையை அழுத்தினால் அவசரப்படாதே. எந்தப் பயிற்சிப் புத்தகத்திலும் இவை இல்லை.

போன மாதம் ஒரு சாயங்காலம். ஒன்பதாம் வகுப்புப் பையன், நல்ல வேகம், மூன்று நாளாக எல்லாத் தாண்டலும் அண்டர். அடையாளத்தை முன்னே வைத்துப் பார்த்தேன், பின்னே வைத்தேன், எட்டைக் குறைத்தேன், ஒன்றும் சரியாகவில்லை. கடைசி எட்டு, அதற்கு முந்தைய எட்டு, நடு அடையாளம் எல்லாம் பார்த்தாகிவிட்டது. இருட்டிக்கொண்டு வந்தது. அவன் மறுபடி ஓடிவந்து, மறுபடி வெடுக்கென்று இழுபட்டு, பக்கவாட்டில் பெட்டில் விழுந்தான்.

நான் வேப்பமரப் பக்கம் திரும்பினேன். அப்பாவுக்கு எழுபத்தொன்பது வயது, விரல்கள் இப்போது கொஞ்சம் நடுங்குகின்றன. இடது உள்ளங்கையை விரித்தார். வலது கையின் இரண்டு விரலை மணிக்கட்டின் ஓரத்தில், களம் தொடங்குவதற்கும் முன்னால், ஓட்டமே ஆரம்பிக்காத இடத்தில் நிறுத்தினார். ஒரு விரல் மட்டும் லேசாகப் பின்னுக்கு ஆடியது. ஓடத் தொடங்கும் முன் பையன் பின்காலில் ஒரு முறை சாய்ந்து ஆடிக்கொள்கிறான். ஒரு தடவை சின்ன ஆட்டம், ஒரு தடவை பெரிய ஆட்டம். அதில் முதல் எட்டு ஒவ்வொரு முறையும் வேறாகிறது. மூன்று நாளாக அது என் கண்ணில் படவில்லை.

அப்பாவின் உதடு அசைந்தது. நான் அளவு டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுவிட்டு, ஓட்டம் தொடங்கும் இடத்துக்கு நடந்தேன்.